தலைக்கு ஒரு தீக்குச்சி

பிரிஸ்பேன்
12 பிப்ரவரி 2024

திரு. டூகல் பிரையர் அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

என் பெயர் நோலீன் ஹாப்வுட். ஹார்லன் தெருவில் இருக்கிறேன். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் மெர்வ் போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். வாசலில் இருக்கும் தபால் பெட்டி எப்போதும் அவர் ராஜ்யம். நான் கீழே இறங்குவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் போன பிறகு நானே திறக்க ஆரம்பித்தேன். மின்சார பில்லுக்கு அடியில் ஒரு தீக்குச்சி கிடந்தது. சிவப்புத் தலை. அடுத்த வாரமும் ஒன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

ஜனவரியில் வேலியோரம் ஒரு பெண் நின்று வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலை, கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

"பாட்டி, நீங்க நெஜமாவே இந்த வீட்லதான் இருக்கீங்களா?"

"வேற எங்க இருப்பேன்? வாடகை குடுக்க நீ வர்றியா?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? இது பாட்டுல வர்ற வீடு பாட்டி!"

அவள்தான் எல்லாம் சொன்னாள். 1984-ல் 'ஃபைனல் நோட்டீஸ்' என்ற குழுவில் நீங்கள் தொண்டை கிழியப் பாடினீர்களாம். 'தலைக்கு ஒரு தீக்குச்சி' என்று ஒரு இசைத்தட்டு. ஒவ்வொரு உறையிலும் நிஜத் தீக்குச்சி ஒன்றை ஒட்டி விற்றீர்களாம். கடைசிப் பாட்டில் எங்கள் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லி, கொளுத்துங்கள் என்று கத்துகிறீர்கள். அவள் போனில் போட்டுக் காட்டினாள். அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வீடு மரக் கால்கள் மேல் நிற்கும் மர வீடு, திரு. பிரையர். காய்ந்து சருகாகக் கிடக்கிறது. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. எனக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. மே மாதம் அந்த இசைத்தட்டைத் திரும்பவும் வெளியிடப் போகிறார்களாம். அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை உறையின் பின்புறம் எழுதியிருக்கும் தபால் நிலையப் பெட்டி எண்ணுக்கு அனுப்புங்கள். என் வாசல் பெட்டியைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நோலீன் ஹாப்வுட்

*

குவீன்ஸ்டவுன், டாஸ்மேனியா
26 பிப்ரவரி

அம்மணி,

முதலில் ஒன்று: தபால்தலை மேல் சோப்புத் தடவியிருக்கிறேன். கழுவினால் முத்திரை போய்விடும், நீங்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கடிதம் எழுதிய பங்க் இசைப் பசங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எனக்கு இன்னும் விடவில்லை.

நான் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் சத்தம் போட்டால் நான்தான் அதட்டுகிறேன். சிரியுங்கள்.

பாட்டை எடுக்க முடியாது.

அந்தப் பாட்டு ஏன் வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? 1983-ல் நாங்கள் ஆற்றோரம் ஒரு காலி வீட்டில் குடியிருந்தோம். இடத்தை விற்க நினைத்தவர்களுக்கு நாங்கள் இடைஞ்சல். வீடு இடிக்கிற கம்பெனி ஒன்று ஆள் அனுப்பி மிரட்டிப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் வீடு எரிந்தது. நாங்கள் கடைக்குப் போயிருந்தோம். எங்கள் கிட்டார்க்காரன், காலம் என்று பெயர், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. மின்கசிவு என்று எழுதி மூடிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டம்மா ஒருத்தி பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் இடது கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வெள்ளை வண்டியில் ஏறினானாம். கை வெந்துபோயிருந்ததாம். அந்த வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றது என்று நான் தேடிக் கண்டுபிடித்தேன். ஹார்லன் தெரு.

எங்கள் காலமுக்குக் கல்லறைக் கல் கிடையாது. அந்தப் பாட்டுதான் இருக்கிறது. ஜகார்த்தாவில் பாடுகிறார்கள், சாவ் பாவ்லோவில் பாடுகிறார்கள், கையில் தீக்குச்சியைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். நான் அதை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. அவன் கிட்டார் இருக்கவேண்டிய இடத்தில் வேறு எவனோ வாசிக்கிறான், என்னால் தாங்க முடியாது.

நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்த்தார், அம்மணி? அதை என்னைக் கேட்காதீர்கள். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

டூகல் பிரையர்

*

பிரிஸ்பேன்
6 மார்ச்

திரு. பிரையர்,

என் கணவர் ஒரு பூனையைக்கூட அதட்டியதில்லை. செத்தவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இனி எழுதாதீர்கள்.

சோப்புத் தபால்தலை திருட்டுத்தனம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோலீன் ஹாப்வுட்

*

பிரிஸ்பேன்
27 மார்ச்

திரு. பிரையர்,

எழுதாதீர்கள் என்று நானே சொன்னேன். இப்போது நானே எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. என் மகள் லீஆனிடம் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு அவர் அப்பா.

மெர்வ் லாரி ஓட்டினார். வீடு இடிக்கிற கம்பெனியில். இடித்த செங்கல்லையும் மரத்தையும் அள்ளிக்கொண்டு போவார். எந்த வீடு, யார் வீடு என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அவர் இடது கையில் தழும்பு உண்டு. உள்ளங்கை முழுக்கத் தோல் வழவழவென்று இருக்கும். லாரியின் சூடான குழாயில் கை வைத்துவிட்டேன் என்றார். எந்த வருஷம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எண்பத்து மூன்றாகவும் இருக்கலாம். எத்தனையோ தடவை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

போன வாரம் கீழே அவருடைய பட்டறையைக் கிளறினேன். ஏன் கிளறினேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே முழுக்கத் தீக்குச்சிகள். எல்லாம் சிவப்புத் தலை. வருஷக் கணக்காகப் பொறுக்கி என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார். குற்றமில்லாத மனுஷன் எதற்காக ஒளிப்பான்? ஏன் போலீசுக்குப் போகவில்லை? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இத்தனை நாள் வெளியே இருப்பவர்களுக்குப் பயந்தேன். இப்போது வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருக்கிறது. அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் திரும்ப நேராக வைத்தேன். நான் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று தெரியவில்லை.

அந்த ஆளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

நோலீன்

*

குவீன்ஸ்டவுன்
8 ஏப்ரல்

திருமதி ஹாப்வுட்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். நாற்பது வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி அதை மறுபடி எடுத்துப் படித்தேன். "ஏன் சார் நிறுத்திட்டீங்க, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தெரிந்ததைச் சொல்கிறேன். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தீ விபத்துக்கு அப்புறம் அந்த வெள்ளை வண்டியை மேரி தெரு முனையில் அகஸ்மாத்தாகப் பார்த்தேன். சைக்கிளில் துரத்திக்கொண்டே போனேன். உங்கள் வீட்டுக்குள் போய் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் சாயங்காலம் வரை நின்றிருந்தேன். என் பையில் ஒரு பாட்டில் பெட்ரோல் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செங்கல் சுவரையும், வாசல் தூண்கள் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு சிமென்ட் சிங்கங்களையும் முறைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். பாட்டிலைக் கொட்டிவிட்டுப் பாட்டு எழுதினேன். எனக்கு முடியாததை ஊரில் உள்ளவனை எல்லாம் செய்யச் சொன்னேன். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது.

இன்னொன்று. இதையும் குறைக்காமல் சொல்கிறேன். மே 11, சனிக்கிழமை இசைத்தட்டு வெளிவருகிறது. அன்றைக்கு 'அந்த வீட்டு வாசலில்' கூடுவோம், ஆளுக்கொரு குச்சி கொண்டு வாருங்கள் என்று ரசிகர்கள் தங்களுக்குள் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். வெளியிடுகிறவனுக்குப் போன் போட்டு, நிறுத்து என்றேன். "மச்சான், அது நாங்க கூப்ட்டது இல்ல. யாரு சொல்லி யாரு கேப்பாங்க?" என்கிறான். பெரும்பாலும் நல்ல பசங்கள்தான். ஆனால் நூறு நல்லவர்களில் ஒருவன் குடித்திருந்தால் போதும்.

அந்த வார இறுதியில் மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள். தயவுசெய்து.

டூகல்

*

பிரிஸ்பேன்
16 ஏப்ரல்

டூகல் பிரையர்,

எந்தச் சிங்கம்?

என் வீட்டில் சிங்கமும் கிடையாது, செங்கல்லும் கிடையாது. இது மர வீடு என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே! கோபத்தில் படித்தால் கண் தெரியுமா? எங்கள் வாசலில் அரளி மரமும் ஒரு துருப்பிடித்த கேட்டும்தான் உண்டு, நாங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து.

சிங்கம் வைத்த வீடு தெருவின் அந்தக் கோடியில், பாலத்துப் பக்கம் இருந்தது. நூற்று இருபத்தேழு. யாருடனும் பேசாத ஒரு ஆள் இருந்தான், வெள்ளை வண்டி வைத்திருந்தான். எண்பத்தைந்திலோ ஆறிலோ காலி செய்துகொண்டு போய்விட்டான். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

என் கதவு எண் ஏழு. நீங்கள் பாட்டில் கத்துவதும் ஏழு. நானே என் காதால் கேட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆல்பத்தை எடுத்தேன். லீஆனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த படம். குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கும் மெர்வின் இடது கையில் புதுக் கட்டு. அவள் பிறந்தது எண்பத்து நான்கு அக்டோபர். அப்போது உங்கள் கிட்டார்க்காரன் காலம் செத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், உங்கள் இசைத்தட்டு கடைக்கு வந்திருக்கும். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்தபோது தபால் பெட்டி கரியாக இருந்தது. "பசங்க பட்டாசு வெச்சுட்டானுங்க நோல், நீ உள்ள போ" என்றார். மறுநாளே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்.

அவர் அந்தத் தீயைக் கையாலேயே அணைத்திருக்கிறார். பிள்ளை பெற்றவள் பயப்படக் கூடாது என்று லாரிக் குழாய் மேல் பழியைப் போட்டிருக்கிறார். அதிலிருந்து சாகும்வரை தினமும் எனக்கு முன்னால் ஓடிப்போய் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

ஏன் என்று தெரியாமலே செத்தார், டூகல். யாருக்கு என்ன கெடுதல் செய்தோம், யார் நம்மைக் கொளுத்த நினைக்கிறார்கள் என்று அந்த மனுஷன் எத்தனை தடவை யோசித்திருப்பார்! நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். அதற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

மகள் வீட்டுக்குப் போக மாட்டேன். வீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் போகவா?

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஏன் ஏழு?

நோலீன் ஹாப்வுட்

*

குவீன்ஸ்டவுன்
24 ஏப்ரல்

நோலீன்,

வெளியிடுகிறவன் அனுப்பிய புதுப் பிரதி பிரிக்காமல் கிடந்தது. பக்கத்து வீட்டில் பிளேயர் இரவல் வாங்கிப் போட்டேன்.

ஏழுதான்.

நான் எழுதியது நூற்று இருபத்தேழு. அது சத்தியம். ஆனால் அன்றைக்கு ஒரே மூச்சில், நிறுத்தாமல் பதிவு செய்தோம். அதுதான் எங்களுக்குப் பெருமை. யார் வேகம் அதிகம் என்பதுதான் அன்றைக்கு எல்லாக் குழுவுக்கும் போட்டி. டிரம் அடித்த நெவ் போன வேகத்தில் அவ்வளவு பெரிய நம்பரை நுழைக்க இடம் இல்லை. வாய்க்குள் நுழைந்த கடைசித் துண்டை மட்டும் துப்பினேன். முடிந்ததும் நெவ்வே கேட்டான்.

"டேய், நம்பர முழுசா சொல்லலியே?"

"விடு மச்சான், யாரு நம்பரெல்லாம் கேக்கப் போறாங்க? ஸ்பீடு எப்டி இருந்துச்சு, அத சொல்லு!"

இந்தப் பேச்சு எனக்கு மறந்தே போயிருந்தது. பாட்டைக் கேட்டதும் அவன் குரலோடு திரும்பி வந்துவிட்டது. மறுபடி ஒரு தடவை பாடியிருந்தால் போதும். இரண்டு நிமிஷப் பாட்டு. வேகம் குறைந்துவிடும் என்று பாடவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. மெர்வ் உயிரோடு இருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

வெளியிடுகிறவனிடம் சொன்னேன். பிரதிகள் கடைகளுக்குப் போய்விட்டன என்கிறான். போகாவிட்டாலும் என்ன? பழைய பிரதிகள் உலகம் முழுக்க இருக்கின்றன, போனில் இருக்கிறது, பச்சை குத்திய தோலில் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க என்னால் முடியாது. எனக்கு இப்போது அந்தப் பாட்டைக் கண்டாலே பயமாக இருக்கிறது. நான் பெற்றது என்று சொல்லக்கூடக் கூசுகிறது.

மே 11 அன்று உங்கள் கேட்டில் நான் நிற்கட்டுமா? வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

டூகல்

*

பிரிஸ்பேன்
1 மே

வாருங்கள். கதவைத் தட்டாதீர்கள், எனக்குத் தூக்கிவாரிப்போடும். வந்ததும் தபால் பெட்டியில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நோலீன்

*

ஹார்லன் தெரு
10 மே, வெள்ளிக்கிழமை

நோலீன்,

பெட்டி மூடி 'டொக்'கென்று சத்தம் போடும். பயப்படாதீர்கள். தீக்குச்சி இல்லை, நான்தான்.

எதிரே அரசாங்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஜன்னல் திரை அசைவதைப் பார்த்தேன். வீடு எவ்வளவு சின்னது! தோட்டக் குழாயைக் கேட் வரை இழுத்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. நாளைக்குக் காலையிலேயே வந்துவிடுவேன். நீங்கள் கீழே வரவே வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். எனக்கும் பயம்தான்.

டூகல்

*

பிரிஸ்பேன்
14 மே

டூகல்,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சனிக்கிழமை நீங்கள் கீழே இருந்து பார்த்தீர்கள். மேலே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மெர்வின் பிஸ்கட் டப்பா. தெரு நிறைந்துகொண்டே வந்தது. நீங்கள் கேட்டை மறைத்துக்கொண்டு, "அந்தப் பாட்டைப் பாடினவன் நான்தான்" என்றதும் ஒருவன் சிரித்தான்.

"தாத்தா, தள்ளு. பஸ் டிரைவர் மாதிரி இருந்துக்கிட்டு!"

பஸ் டிரைவர்தானே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் நீங்கள் பாடினீர்கள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. நூற்று இருபத்தேழு என்று முழுசாகச் சொன்னீர்கள். தொண்டை உடைந்துபோயிருந்தது. அப்போது அந்தப் பயல் கத்தினானே!

"பாட்டே தெரியல இந்த ஆளுக்கு! ஏழுய்யா, ஏழு!"

உடனே எல்லோரும் சேர்ந்து ஏழு ஏழு என்று கத்த ஆரம்பித்தார்கள். என் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. எழுதியவன் வாயை அவன் பாட்டே அடைத்துவிட்டது. யாரோ ஒருவன் குச்சியைக் கிழித்து உயரத் தூக்கிப் பிடித்தான். உங்கள் முகத்தைப் பார்த்தேன். இவரால் முடியாது என்று தெரிந்துபோயிற்று.

நான் தைரியசாலி இல்லை. மேலே உட்கார்ந்து காத்திருக்கும் பயம், கீழே இறங்கும் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான். டப்பாவையும் ஞானஸ்நானப் படத்தையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். படியில் என்னைப் பார்த்ததும்தான் அவர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் ஆள் இருக்கும் என்று அவர்களில் பாதிப்பேர் நினைக்கவே இல்லை போலிருக்கிறது.

மெர்வின் கட்டுப் போட்ட கையைப் படத்தில் காட்டி நான் பேசியதை எல்லாம் நீங்கள் கேட்டீர்கள். டப்பாவைத் திறந்து, "இதெல்லாம் நீங்க போட்டது. எடுத்துட்டுப் போங்க" என்றேன். ஜனவரியில் வந்த மொட்டைத் தலைப் பெண்தான் முதலில் கை நீட்டினாள். "எம்மேல கோவமா பாட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். அழுதாள். அழட்டும். குச்சியைக் கிழித்தவன் கரிந்த துண்டைக்கூடக் கீழே போடாமல் பையில் வைத்துக்கொண்டான். அதையும் பார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு நீங்கள் தனியாகப் பாலத்துப் பக்கம் நடந்து போனீர்கள். அந்த அடுக்குமாடி எதிரே நின்று காலமின் பெயரைச் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நல்லது. அவனுக்கு ஒரு கல் வையுங்கள், டூகல். பாட்டு போதாது.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இன்றைக்கும் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பையன் முதல் தடவையாக அந்த இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏழு என்றுதான் கேட்கும். ஆனால் மெர்வின் படத்தை இனி நான் திருப்பி வைக்க மாட்டேன். அது போதும். உங்களை மன்னிக்க மாட்டேன் என்றேன், இன்னும் அப்படித்தான். இருந்தாலும் நீங்கள் கடிதம் எழுதலாம். வாசல் பெட்டிக்கே எழுதுங்கள். உங்கள் சோப்புத் தபால்தலையைக் கழுவி இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன், தபால்காரர் பிடித்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன்.

நேற்றுக் காலையில் டப்பாவைக் கழுவ எடுத்தேன். மூலையில் ஒரே ஒரு குச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. தலை வெளுத்துப்போயிருந்தது, ரொம்பப் பழசாகத்தான் இருக்கும். இனி இது எங்கே எரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் இருந்த பெட்டியில் உரசிப் பார்த்தேன்.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

அதிலேயே அடுப்பை ஏற்றித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். குச்சியைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அணைந்துவிட்டதா என்று அப்புறமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

நோலீன்
ஏழு, ஹார்லன் தெரு